முப்பத்து மூன்றாம் கிலோமீட்டர்

நவம்பர் 13, ஞாயிறு. பெங்களூர்

இரண்டு மணி முப்பத்தொரு நிமிடத்தில் அரை மாரத்தான். ஓடினேன் என்று எழுதக்கூடாது. ஓடினோம்.

ஆறு வருடமாக ஓடுகிறேன். மும்பை, ஹைதராபாத், கொச்சி என்று போகாத ஊரில்லை. ஒரு தடவைகூட யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. நான்காயிரம் பேர் ஓடினால் மூவாயிரத்துச் சொச்சத்தில் வருகிற ஆள் நான். கல்லூரி நூலகத்தில் வேலை, வயது நாற்பத்து நான்கு, முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. இன்று எல்லைக்கோட்டில் நிருபர் ஒருவர் ஓடி வந்து எங்களைப் படம் எடுத்தார். காரணம் டெல்பின்.

டெல்பினுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தூத்துக்குடிப் பெண், இருபத்தொன்பது வயது. சென்னையில் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் வேலை, ராயப்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல். எங்கள் ஓட்டக் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு முழ நீளக் கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒன்று அவள் விரலில், ஒன்று என் விரலில். பக்கத்தில் ஓடிக்கொண்டே நான் சொல்ல வேண்டும்: வேகத்தடை, இடப்பக்கம் பள்ளம், ஈரம், திருப்பம். அவள் அதன்படி கால் வைப்பாள். யோசிக்கவே மாட்டாள். இன்று கப்பன் பூங்கா அருகே "கல்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிட்டாள்.

முடித்ததும், "அக்கா, உங்களுக்கு மூச்சு வாங்குது, எனக்கு வாங்கல பாத்தியளா," என்று சிரித்தாள்.

நவம்பர் 15, செவ்வாய்

பேப்பரில் படம் வந்துவிட்டது. 'கண்ணாக நின்ற சாருலதா' என்று கீழே போட்டிருக்கிறார்கள். கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். கத்தரித்து நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒட்டியது உதவியாளர் என்று வீட்டில் சொன்னேன். கணவர் தனசேகர் கேட்டார், "அந்தப் பொண்ணு பேரு எங்க?" பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது.

நவம்பர் 27, ஞாயிறு

குழுவின் கேப்டன் ஜெயவேலு சார் அறிவித்துவிட்டார். ஜனவரி எட்டாம் தேதி சென்னையில் முழு மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். டெல்பினுக்கு இது முதல் முழு ஓட்டம். எனக்கும்தான். டிசம்பரில் மூன்று நீண்ட பயிற்சி: இருபத்தாறு, முப்பது, முப்பத்திரண்டு. "இந்த மூணையும் முடிக்காதவங்க வழித்துணையா போகக்கூடாது. இதுல சலுகையே கிடையாது," என்றார்.

டெல்பினின் அப்பா தூத்துக்குடியிலிருந்து வருகிறாராம். உப்பளத்தில் வேலை பார்த்தவர். இவளைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்பாதவர். "நான் ஓடுதேன்னு சொன்னா சிரிக்காவக்கா. எங்க ஓடுவ, மொட்டமாடியிலயான்னு. வந்து பாக்கட்டும்," என்றாள்.

டிசம்பர் 4, ஞாயிறு

இருபத்தாறு முடித்தோம். முழங்காலுக்கு ஐஸ். மதியம் ரசம் மட்டும் வைத்தேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். முப்பது போக முடியவில்லை. ஃபர்ஹானா டெல்பினோடு ஓடினாள். ஃபர்ஹானா பல் மருத்துவர், குழுவில் இன்னொரு வழித்துணை, இருபத்தாறு வயது, மான்குட்டி மாதிரி. புதன்கிழமை தனியாக ஓடி ஈடுகட்டிவிடுகிறேன் என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 14, புதன்

பதினொன்று ஓடினேன். அதற்கு மேல் அலுப்பு. வாட்ஸ்அப் குழுவில் கேப்டன், "முப்பது முடிச்சாச்சா மேடம்?" என்று கேட்டிருந்தார். கட்டைவிரல் படம் ஒன்று போட்டேன். வார்த்தையாக எதுவும் எழுதவில்லை.

டிசம்பர் 18, ஞாயிறு

உடம்பு சூடாக இருந்தது. தொண்ணூற்றொன்பது. முப்பத்திரண்டுக்கும் ஃபர்ஹானாதான் போனாள்.

டிசம்பர் 21, புதன்

கல்லூரி மைதானத்தில் முப்பத்திரண்டு முடித்ததாகக் கேப்டனிடம் சொன்னேன். பூரி, கிழங்கு.

ஜனவரி 1, ஞாயிறு

மெரினாவில் குழுக் கூட்டம். கேப்டன், "சாரு மேடம், பாதிவரைக்கும் நீங்க, மீதிக்கு ஃபர்ஹானா, அப்படிப் பிரிச்சுக்கலாமா?" என்றார். தேவையில்லை, நான் பயிற்சியை முழுதாக முடித்திருக்கிறேன் என்றேன். டெல்பினுக்குப் பழகிய ஆள் வேண்டும், அதனால்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், சோழிங்கநல்லூர் சிக்னலில், ஃபர்ஹானா தயாராக நிற்பாள் என்று முடிவானது. படம் எடுத்த அந்த நிருபரும் எல்லைக்கோட்டுக்கு வருகிறாராம்.

ஜனவரி 7, சனி

டெல்பினின் அப்பா சூசை வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஜெபமாலை. என் கையில் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். "எம்மா, புள்ள ஒங்க பேர சொல்லாத நாளில்ல. ஒங்க கையிலதான் ஒப்படைக்கேன்." நான் வாங்கிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

முடிக்கவில்லை. ஈஞ்சம்பாக்கத்தில், முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் ஓட்டத்துக்கு ரோட்டை மூடிவிட்டார்கள். போக்குவரத்து வரப்போகிறது, ஓடுகிறவர்கள் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். என்ன செய்ய முடியும்? பாதுகாப்புதான் முக்கியம். டெல்பினிடம் சொன்னேன். அவள் கையில் பேசும் கடிகாரம் கட்டியிருக்கிறாள். பொத்தானை அழுத்தினாள். எட்டு இருபத்து நான்கு என்று அது ஆங்கிலத்தில் சொன்னது.

"அவிய எல்லாம் போறாவளே அக்கா?" என்றாள். எங்களைத் தாண்டிக் காலடிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"அவங்களும் வண்டிக்குத்தான் போறாங்க," என்றேன்.

வண்டியில் டெல்பின் ஜன்னலோரம் உட்கார்ந்து பெசன்ட் நகர் வரை கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். எல்லைக்கோட்டில் சூசை தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் பின்பக்கமாக வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. ரோடு வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. ஆனால் உடனே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பத்திரமா கூட்டிட்டு வந்துட்டிய, அது போதும்மா."

ஜனவரி 9, திங்கள்

குழுவில் எல்லோரும் ஆறுதல். லீவு போட்டேன். மாடிப்படி இறங்க முடியவில்லை. கருவாடு ஃப்ரிஜில் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 11, புதன்

ஜெயவேலு சார் கொதித்துப்போயிருக்கிறார். ஒன்பதரை வரை திறந்திருக்க வேண்டிய ரோடு அது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு பார்வையற்ற பெண்ணை மட்டும் எப்படி வண்டியில் ஏற்றலாம் என்று அமைப்பாளர்களுக்கு மூன்று பக்கக் கடிதம். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். "மேடம், இதுல ஏதாவது சேர்க்கணுமா?"

வேண்டாம் சார், விட்டுவிடலாம் என்றேன். "நீங்க பெரிய மனசுக்காரங்க. நான் விடமாட்டேன்," என்றார்.

ஜனவரி 12, வியாழன்

இணையத்தில் செய்தியாகிவிட்டது. நூற்றுக்கணக்கில் கருத்துகள். 'வெட்கக்கேடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜனவரி 13, வெள்ளி

நூலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அம்மா, என் பேரு பக்தவத்சலம். ஈஞ்சம்பாக்கம் பாயின்ட்ல ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கிட்டு நின்னேனே, நான்தான். ஈபில லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். பதினோரு வருஷமா இந்த ஓட்டத்துக்குச் சேவைக்கு நிக்கிறேன். இப்போ லிஸ்ட்ல இருந்து என் பேர எடுத்துட்டாங்கம்மா. விசாரணையாம். நான் ரோட்ட மூடலியேம்மா. நீங்கதானே வந்து வண்டி எப்போ கிளம்பும்னு கேட்டீங்க?"

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ராங் நம்பர்.

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

பால் பொங்கும்போது நான் அடுப்படியிலேயே இல்லை. தனசேகர்தான் பார்த்து அரிசியைப் போட்டார். "ஒரு வாரமா பார்க்கிறேன், என்ன ஆச்சு உனக்கு? ஓடி முடிக்கலேன்னா உலகமா அழிஞ்சுபோச்சு?" என்றார். தலைவலி என்றேன்.

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. இதிலும் பொய்தான் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

இருபத்தாறாவது கிலோமீட்டரிலேயே இரண்டு கெண்டைக்காலும் முடிச்சுப் போட்டுவிட்டன. நான் முப்பது ஓடியதில்லை. முப்பத்திரண்டும் ஓடியதில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் ஃபர்ஹானா ஷூ கட்டி, நம்பர் குத்தி, குதித்துக்கொண்டே நின்றாள். "அக்கா, மாத்திக்கலாமா? நான் ரெடி." ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லைக்கோட்டில் அந்தப் படத்தில் கயிற்றின் இந்த முனையில் அவள் இருப்பாள் என்பதுதான் எனக்குத் தோன்றியது. "சூப்பரா இருக்கேன்," என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

அக்கரை சந்திப்பில் திரும்பியபோது வெயில் முகத்தில் அடித்தது. வேகத்தடை ஒன்றைச் சொல்ல மறந்தேன். டெல்பின் தடுமாறிச் சமாளித்துக்கொண்டு, "என்னக்கா, தூங்கிட்டியளா?" என்றாள். ஈஞ்சம்பாக்கத்தில் நிழலில் வண்டி நின்றிருந்தது, முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வண்டி. கதவு திறந்திருந்தது. உள்ளே காலியான சீட்டுகள் தெரிந்தன.

டெல்பினைத் தண்ணீர் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். கயிற்றை என் விரலிலிருந்து கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். அந்த மனிதரிடம் போய், அவளுக்குக் கேட்காதபடி மெதுவாக, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "ஏம்மா, நல்லாத்தானே வர்றீங்க? ரோடு மூட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. நடந்தும் ஓடியுமா போயிடலாமே," என்றார். போனில் கூப்பிட்டால் ஃபர்ஹானா சைக்கிளில் வந்துவிடுவாள் என்றும் எனக்குத் தெரியும். காத்திருந்தால் பத்து நிமிடம்.

திரும்பி வந்து டெல்பினிடம் சொன்னேன், ரோட்டை மூடிவிட்டார்கள் என்று.

பார்வை இருக்கிற ஒருவரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே முடியாது.

ஜனவரி 17, செவ்வாய்

இன்று மாலை ராயப்பேட்டை ஹாஸ்டலுக்குப் போனேன். பார்வையாளர் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. டெல்பின் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, "வாங்கக்கா," என்றாள். 'உக்காருங்க' என்று சொல்லவில்லை.

"டெல்பின், அன்னிக்கு ரோடு மூடல."

"தெரியும்க்கா."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அப்பவே தெரியும். எட்டு இருவத்தி நாலுக்கு யாருக்கா ரோட்ட மூடுவா? வண்டிக்குப் போறவன் செருப்படி வேற, ஓடுறவன் ஷூ வேற. அது ரெண்டும் எனக்குத் தெரியாதா? இருவத்தாறுல இருந்தே கயித்துல உங்க கை நடுங்கிட்டுதான் வந்துச்சு. எப்ப சொல்லுவியன்னு காத்துகிட்டே வந்தேன்."

"ஏன் அங்கேயே கேக்கல?"

"கேட்டேனே. அவிய போறாவளேன்னு கேட்டேன். நீங்க அதுக்கும் ஒண்ணு சொன்னீய." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் நான் என்ன செய்ய? நடுரோட்டுல ஒங்கள விட்டுட்டு நான் எந்தப் பக்கம் ஓட?"

நான் மன்னிப்புக் கேட்டேன். முடியவில்லை, வெட்கமாக இருந்தது, பயிற்சிகூட முடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"முடியலன்னு சொல்லியிருந்தா நானும் ரோட்டோரமா ஒங்க கூட உக்காந்திருப்பேன்க்கா. சத்தியமா. தோத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. எனக்கு ரோடுன்னா நீங்க சொல்லுறதுதான். நீங்க கல்லுன்னா கல்லு, பள்ளம்னா பள்ளம். இனி நீங்க பள்ளம்னு சொன்னா, நெசமாவே பள்ளமான்னு நான் யோசிக்கணும்லா? யோசிச்சுகிட்டு எப்படி ஓட?"

கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டே தொடர்ந்தாள்.

"ஈஞ்சம்பாக்கத்துல நின்ன அந்த மனுசன் பாவம். ஜெயவேலு சார்ட்ட நான் சொல்லிருக்கலாம். நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன், ஒம்பது நாளா. சொல்லுங்க. அப்பாட்டயும் நீங்கதான் சொல்லணும்."

வாசல் வரை வந்தாள். எப்போதும் ஆட்டோ கிடைக்கும் வரை நிற்பாள். இன்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 18, புதன்

மதியம் உணவு இடைவேளையில் குழுவில் எழுதினேன். நான்கு தடவை அழித்து, ஐந்தாவது தடவை அனுப்பினேன். பயிற்சி முடிக்காதது, ஃபர்ஹானாவைத் திருப்பி அனுப்பியது, ரோடு மூடாதது, எல்லாம். அறுபத்து மூன்று பேர் படித்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஜெயவேலு சார் மட்டும்: "அமைப்பாளர்களுக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். இனி நீங்கள் வழித்துணையாகப் போக வேண்டாம்."

இரவு தனசேகரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அணைத்துத்தான் வைத்திருந்தோம்.

ஜனவரி 19, வியாழன்

நூலகப் பலகையிலிருந்து பேப்பர் துண்டை எடுத்துவிட்டேன். பசை ஒட்டிய இடம் தெரிகிறது.

சூசைக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அன்னைக்கு ராத்திரி புள்ள சாப்பிடல," என்றார் கடைசியில். "ரோட்ட மூடுனவன நான் பஸ்ஸுல வார வழியெல்லாம் ஏசிக்கிட்டே வந்தேன். அவட்ட சொன்னப்ப, விடுங்கப்பான்னா. ஒங்களப் பத்தி ஒரு சொல் சொல்லல." பிறகு, "கருவாடு சாப்பிட்டியளாம்மா?"

இல்லை என்றேன்.

"சரி. போன வைக்கேன்."

ஜனவரி 22, ஞாயிறு

பக்தவத்சலம் வீடு கொட்டிவாக்கத்தில், மாடிப் போர்ஷன். அமைப்பாளர்களுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலைக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை வாசித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காபி தரவில்லை. தராதது நல்லதுதான், குடித்திருக்க முடியாது.

"அன்னிக்கு ராங் நம்பர்னு சொன்னீங்களே," என்றார். "அப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. நாமதான் ஏதாவது தப்பா சொல்லிட்டோமோ, அந்தம்மா தப்பா புரிஞ்சிக்கிட்டாங்களோன்னு. ஒரு வாரமா அதேதான் மனசுல. வயசாயிடுச்சுல்ல, காதும் சரியில்ல."

அவர் தன்னைச் சந்தேகப்பட்டாராம். அதைக் கேட்டபோதுதான் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

குழுவோடு போகவில்லை. தனியாக ஆறு கிலோமீட்டர்.

மார்ச் 19, ஞாயிறு

திருவான்மியூர் கடற்கரையில் டெல்பினும் ஃபர்ஹானாவும் எதிரே வந்தார்கள். ஃபர்ஹானா தலையை அசைத்தாள். நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். குரல் கொடுக்கவில்லை. என் காலடியை டெல்பின் கேட்டிருப்பாள்.

ஜூலை 2, ஞாயிறு

பக்தவத்சலம் பெயர் பட்டியலில் மறுபடி வந்துவிட்டதாக அவரே செய்தி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: 'ஜனவரிக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் குறைகிறது.' என்னை அழைக்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்று தெரியவில்லை. பெயர் கொடுத்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

அதிகாலை மூன்றரை மணிக்கே திருவான்மியூர் தண்ணீர் மேசைக்குப் போய்விட்டேன். பக்தவத்சலம் என்னைப் பார்த்து, "டம்ளர முழுசா நிரப்பாதீங்க, பாதி போதும், கையில கொட்டிக்குவாங்க," என்றார். பாதிப் பாதியாக ஊற்றி வரிசையாக வைத்தேன்.

எட்டு மணிக்கு மேல் கூட்டம். மூச்சிரைக்க, கால் இழுக்க, உப்புப் பூத்த சட்டையோடு வந்துகொண்டே இருந்தார்கள். போன வருடம் இந்த இடத்தை நான் வண்டி ஜன்னல் வழியாகத்தான் தாண்டினேன்.

எட்டரைக்கு டெல்பின் வந்தாள். பக்கத்தில் ஃபர்ஹானா. வெயிலில் டெல்பினின் முகம் சிவந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. "தண்ணி, வலப்பக்கம்," என்றாள் ஃபர்ஹானா. டெல்பின் கையை நீட்டினாள். நான் டம்ளரை அவள் விரல்களுக்குள் வைத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன்.

"நாலு கிலோமீட்டர், அறுநூறு மீட்டர்," என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவள் முகம் என் பக்கம் திரும்பியது. டம்ளர் கையிலேயே இருந்தது. முகத்தில் கோபம் இருந்ததா என்று பார்த்தேன். தெரியவில்லை. பிறகு மறுபக்கம் திரும்பி,

"ஃபர்ஹானா, சரியா?" என்றாள்.

ஃபர்ஹானா கடிகாரத்தைப் பார்த்தாள். "சரிதான். நாலு புள்ளி ஆறு."

"அப்ப போவோம்."

டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். நான்கைந்து அடிக்குள் இருவர் காலும் ஒன்றாக விழ ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும். பின்னாலிருந்து யாரோ, "தண்ணி குடுங்கக்கா," என்று கத்தினார்கள். திரும்பி அடுத்த டம்ளரை எடுத்தேன்.